பாறையில் மிஞ்சிய கொப்பு

நான் அங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பே என்னைப் பாதி கொன்றுவிட்டது. மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

அடியார்களே, எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்மன் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று கோயிலில் எல்லோரும் சொன்னீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். எனக்கு இருபது வயது இருக்கும். நம் வன்னியில் தறி இல்லை. இந்தியாவில் தென்காசியில் ஒரு நெசவுப் பள்ளிக்கூடம், வெளியூர்ப் பையன்களை ஆறு மாதம் வைத்துப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமா என்னை அனுப்பினார். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மா ஒன்றுதான் சொன்னார்.

"தனிய ஒரு இடமும் போகாதை மோனே. போனாலும் ஆருக்காவது சொல்லிப்போட்டுப் போ."

அப்பா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

தறிக்காரர்களுக்கு அமாவாசை விடுமுறை. அந்த நாளில் ஊர் பார்க்கப் போவேன். செங்கோட்டைக்கு ரயிலில் போயிருக்கிறேன். இலஞ்சிக்கு நடந்து போயிருக்கிறேன். எல்லாம் தனியாகத்தான். கூட்டம் எனக்கு ஒத்துவராது. என் அறையில் வடகரைப் பையன் சுடலைமுத்து இருந்தான். எந்நேரமும் கேலி. என் பேர் அவன் வாயில் வந்ததே இல்லை. சிலோன் என்றுதான் கூப்பிடுவான்.

ஆடி அமாவாசை விடிகிற நேரம். நான் கிளம்பும் சத்தத்தில் விழித்துக்கொண்டான்.

"எங்கன வே சிலோன், கோழி கூப்பிட கிளம்பிட்டீரு?"

"குற்றாலத்துக்கு. அப்பாவுக்குத் தண்ணி இறைக்க வேணும்."

"நல்லா இறைச்சிட்டு வாரும். குரங்குகிட்ட வேட்டியக் குடுத்துட்டு வந்து எங்கிட்ட கேக்காதியும். எனக்கு இருக்கதே ரெண்டு."

அருவிக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். அவ்வளவுதான் எனக்கும் அப்போது தெரியும்.

அருவியில் நல்ல கூட்டம். சாரல் முகத்தில் அடித்தது. குளித்து, எள்ளும் தண்ணீரும் விட்டேன். மனசு அடங்கவில்லை. வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு மலை ஏறிக்கொண்டிருந்தார். மேலே செண்பகதேவி அம்மன் கோயில் இருக்கிறது, நல்ல நாள், கும்பிட்டுவிட்டு வரலாம் என்றார். நானும் பின்னால் நடந்தேன்.

பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், ஆற்றோரம், தட்டையாக ஒரு பாறை. அதன் மேல் இலையோடு ஒடித்த பச்சைக் கொப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். வாசுதேவநல்லூர்க்காரரும் தன் ஆட்களுக்கு ஆளுக்கொன்று ஒடித்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் காட்டுக்குள் இறங்குமுன் பிள்ளையாருக்குக் கொப்பு முறித்து வைப்போமே, அந்த வழக்கம் இங்கேயும் இருக்கிறதே என்று. யாரையும் கேட்கவில்லை. ஒரு கொப்பை முறித்துக் கல் வைத்தேன்.

"தாயே, கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வா" என்று கும்பிட்டேன். நாம் சொல்வதுதான்.

கோயிலில் கும்பிட்டேன். மத்தியானத்துக்குப் பிறகு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். வாசுதேவநல்லூர்க்காரரும் போய்விட்டார். எனக்குப் போக மனம் வரவில்லை. கோயிலுக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. கல் கல்லாக மிதித்து அக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் ஏற முடியாத செங்குத்து மலை. பாறையில் வெயில் இருந்தது. ஈர வேட்டியைக் காயப்போட்டு உட்கார்ந்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

முதலில் சத்தம் மாறியது. அருவிச் சத்தம்தானே என்றிருந்தேன். பிறகு தண்ணீரைப் பார்த்தேன். செம்மண் நிறம். சருகும் சுள்ளியும் வந்தன. என் தலைக்கு மேல் மழை இல்லை. மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது.

எழுந்து நிற்பதற்குள் நான் மிதித்து வந்த கற்கள் மறைந்துவிட்டன.

காலை விட்டுப் பார்த்தேன். முழங்காலைத் தண்ணீர் பிடித்து இழுத்தது. ஒரு ஆள் இழுப்பது போல இருந்தது. பாறையில் விழுந்து கையால் பற்றிக்கொண்டேன். காலில் ரத்தம். வேட்டி போய்விட்டது. கோவணத்தோடு பாறை உச்சிக்கு ஏறினேன். பின்னால் மலை. முன்னால் தண்ணீர். ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. பாறையில் அது மோதியபோது பாறையே அசைந்த மாதிரி இருந்தது.

கத்தினேன். என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை.

பல் அடித்துக்கொண்டது. பயத்தில் அழுகை வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வாய் வறண்டு நாக்கு ஒட்டிவிட்டது. இத்தனை தண்ணீருக்கு நடுவில்.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போனது. தண்ணீர் பாறையில் ஏறிக்கொண்டே வந்தது. சுடலைமுத்து என்னைத் தேடினாலும் கீழே அருவியில்தான் தேடுவான். பிணம்கூடக் கிடைக்காது என்று பட்டது. கிடைத்தாலும் இது யார் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? அம்மா தலைமன்னார்க் கரையில் நிற்பது போல் கண்ணில் தெரிந்தது.

மந்திரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தேவாரமும் வரவில்லை. "தாயே, கொப்பு வைத்தேனே. கூட்டிக்கொண்டு போ" என்றேன். அதையே சொன்னேன். தண்ணீர் என் பாதத்தைத் தொட்டபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கரையில் ஒரு துண்டு அசைந்தது.

இரண்டு பேர். தலையில் முண்டாசு. இடுப்பில் வெட்டரிவாள். ஒருவர் வாயில் கை குவித்துக் கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. விறகு கட்டுகிற நார்க்கயிற்றை முடிச்சுப் போட்டு நீளமாக்கி, நுனியில் கல் கட்டி வீசினார்கள். தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினார்கள். விழுந்தது. பிறகு ஒருதரம் என் தோளில் வந்து அடித்தது. இடுப்பில் கட்டிக்கொள் என்று சைகை காட்டினார்கள். விரல் மரத்துப்போய் முடிச்சு விழவில்லை. பல்லால் இழுத்துக் கட்டினேன். குதி என்று கை காட்டினார்கள். குதிக்க முடியவில்லை. கால் வரவில்லை. அம்மன் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடி விழுந்தேன்.

உள்ளே போனது தெரியும். மண் தண்ணீர் குடித்தது தெரியும். பிறகு கரையில் கவிழ்ந்து கிடந்தேன். ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

"கக்கும் வே, கக்கும். எந்தூரு?"

"சிலோன்."

"ஏ மச்சான், கேட்டியாலே? கடலத் தாண்டி வந்தவரு, ஆத்துல போவப் பாத்திருக்காரு!"

மற்றவர் சிரிக்கவில்லை. முண்டாசை அவிழ்த்து என்னைப் போர்த்தினார். அவர் பெயர் சங்கிலி. கேலி பேசியவர் அவர் மைத்துனர். மலையில் விறகு வெட்டுகிறவர்கள்.

"நான் இருக்கிறது எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கொப்பு இருந்துச்சுல்லா" என்றார் சங்கிலி.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். "மேல போறவன் ஆளுக்கு ஒரு கொப்பு வைப்பான். இறங்குதவன் ஒண்ண எடுத்து ஆத்துல போட்டுட்டுப் போவான். கடைசியில நாங்க விறகோட இறங்குவோம். பாறை வெறுசா இருந்தா வீட்டுக்குப் போயிருவோம். இன்னைக்கு ஒண்ணு மிஞ்சிக் கிடந்துச்சு. வெள்ளமும் வந்துட்டு. விறகப் போட்டுட்டு ஏறி வந்தோம்."

"நான் அதை அம்மனுக்கு வைத்தேன்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அம்மனுக்கா? அப்ப இறங்கையில எடுத்திருக்க மாட்டீரு!" என்றார் மைத்துனர். "நீரு அறையில சோறு தின்னுக்கிட்டு இருப்பீரு, நாங்க இல்லாத ஆளத் தேடி மலை பூரா கத்திக்கிட்டுக் கிடப்போம். நல்ல பக்தி வே!"

சங்கிலி அவர் தோளில் ஒரு அடி வைத்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "சும்மா இருலே. யாருக்கு வச்சாரோ அவ பாத்துட்டா."

கீழே இறங்கினோம். என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். தட்டைப் பாறை முக்கால் பங்கு தண்ணீருக்குள் இருந்தது. அதன் உச்சியில் ஒரே ஒரு கொப்பு. அதன் மேல் நான் வைத்த கல். அலை அதை நனைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருந்தால் அதுவும் போயிருக்கும். அவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எடும் வே" என்றார் சங்கிலி. "நீருதான் இறங்கிட்டீருல்லா."

கல்லைத் தள்ளிக் கொப்பை எடுத்தேன். ஆற்றில் போட்டேன். அப்போதுதான் அழுதேன்.

சுடலைமுத்து அறை வாசலில் நின்றான். முண்டாசுத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "குரங்குகிட்ட குடுத்துட்டீராக்கும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து தன் இரண்டு வேட்டிகளில் நல்லதை எடுத்துக் கொடுத்தான்.

தொழில் கற்று ஊர் திரும்பினேன். நீங்கள் நம் ஊரில் பார்க்கிற தறி அப்படி வந்ததுதான். அம்மா கடைசிவரை என்னோடு இருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு அடிக்கிறது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஆடி அமாவாசை தவறாமல் அம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். எங்கே போனாலும் வீட்டில் சொல்லாமல் படி இறங்குவதில்லை.

யுத்தம் முடிந்து நம் பிள்ளைகள் பலர் படிக்கக் கப்பல் ஏறுகிறார்கள். தனியாக ஊர் பார்க்க ஆசை வரும். போகட்டும். பெற்றவர்களே, பயம் வந்தால் அம்மனிடம் சொல்லுங்கள். நான் அறியாமல் வைத்த கொப்பையே அவள் தள்ளவில்லை. நீங்கள் அறிந்து வைப்பதைத் தள்ளமாட்டாள்.

பிள்ளைகளே, கொப்பு வைத்துவிட்டுப் போங்கள். அவள் பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.