ஞாயிற்றுக்கிழமைச் சுண்ணாம்பு

எண்பதுகளின் நடுவில் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. எலிக்குட்டியின் மண்டையோட்டிலிருந்து, எலும்பை உருவாக்கும் செல்களைப் பிரித்து வளர்ப்பேன். ஹார்மோன் ஒரு சொட்டு விட்டால் செல்லுக்குள் கால்சியம் சட்டென்று உயரும். வேலையைத் தொடங்கு என்று செல்லுக்குக் கிடைக்கும் செய்தி அது. உள்ளே ஏற்றிய சாயம் ஒளிர, கருவியின் பேனா காகிதத்தில் மேலே ஏறும். வெளியே கால்சியமே இல்லாத கரைசலில் வைத்தாலும் ஏறுமா? என் ஆராய்ச்சிப் பட்டம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

வார நாட்களில் பேனா செத்துக் கிடந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் ஏறியது. அடுத்த ஞாயிறும் ஏறியது. மூன்றாம் முறை, ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். சந்தோஷத்தைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. மறுநாள் என் வழிகாட்டியான பேராசிரியையிடம் காகிதங்களைக் காட்டினேன். "இதையே எழுதிடும்மா" என்றார்.

ஞாயிறென்றால் மற்றவர்களுக்குச் சர்ச்சும் கறிக்குழம்பும். எனக்கு ஒற்றை அறை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த என் கணவர் இறந்து இரண்டு வருஷம். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, என் வாயில் வைப்பார். "ஜாஸ்தியாய்டுச்சா?" என்பார். அவர் போனபின் நானே தடவி, நானே மடித்துப் போட்டுக்கொண்டேன். தாலி அறுத்தவளுக்கு வெற்றிலை ஒரு கேடா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். மென்று முடித்ததும் அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு நடந்துவிடுவேன்.

நான்காம் ஞாயிறு, சோதனைக்குழாய்கள் கழுவும் அக்கா வேலைக்கு வந்திருந்தார். கரைசல் கலக்க, குழாயின் வாயை விரலால் அடைத்துக் குலுக்குவது என் வழக்கம். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, வெரல்ல சுண்ணாம்பு அப்படியே கீது?"

குழாயைக் கீழே வைத்தேன். சுண்ணாம்பு என்பதே கால்சியம்தான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எலும்பை ஆராய வந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் புதிதாகக் கரைசல் கலந்தேன். பேனா அசையவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

"வெத்தல போட்டா கை கழுவுற பழக்கம்கூட இல்லியாம்மா உனக்கு?" என்று அன்று கேட்டார் பேராசிரியர்.

இல்லை. என் கணவர் இருந்தவரை என் விரலில் சுண்ணாம்பு பட்டதே இல்லை. அதைப் பேராசிரியரிடம் எப்படிச் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.