ஏரியில் அமிழ்த்திய நடை மெஷின்

நடக்கும் காலுக்கு நிலமாகவும், நில்லாத மனத்துக்குத் தூணாகவும் இருந்து காக்கும் இறைவனை முதற்கண் வணங்குகிறேன். எழுத்தில் நேரும் பிழையை அவன் பொறுப்பான். எழுதப்போகும் பிழையையும் பொறுத்தருளட்டும். தைத் திங்கள் வளர்பிறைப் பஞ்சமியும் உத்திரட்டாதியும் கூடிய இந்த நன்னாளில், நீராடி நீறணிந்து, பல்லாண்டுகளாக வாய்திறந்து சொல்லாத ஒன்றை எழுத அமர்ந்திருக்கிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில், சிறிய சிவன் கோயில் ஒன்றில் பதிகம் பாடுவது என் பணி. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வந்தேன். கணவனை இழந்த என் தங்கையும் என்னோடு வந்து, கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்து வாழ்ந்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அவளுக்குப் பக்கவாதம் கண்டது. வாய் மீண்டது, கை மீண்டது. இடக்கால் மட்டும் மீளவில்லை. பொன்னேரி மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: "நடக்க வைங்க. ஒரு வருஷத்துக்குள்ள எவ்வளவு நடக்கறாங்களோ அவ்வளவுதான் திரும்பும். விட்டுட்டா நின்னுடும்."

எங்கே நடப்பது? வீட்டின் உள்ளே பத்தடி. வாசற்படியை விட்டு இறங்கினால் கணுக்கால் புதையும் மணல். நல்ல காலுடையவர்களே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஊர் அது. நோயுற்ற கால் அந்த மணலில் இறங்கினால், எடுத்து வைக்கும் வலிமையெல்லாம் பிடுங்கி எடுப்பதிலேயே தீர்ந்துவிடும்.

இதைக் கேள்வியுற்ற பழவேற்காட்டு வணிகர் ஒருவர், பழைய இஸ்லாமியக் குடும்பத்தவர், ஒரு மாட்டுவண்டியில் ஓர் இயந்திரத்தை ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னாலேயே தாமும் வந்தார். தம் தந்தைக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்ததாம். தந்தை காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது.

"வாப்பா போனதுலேருந்து அதுமேல துணிதான் காயுது, ஓதுவாரே. உங்க தங்கச்சி ஏறி நடக்கட்டும். கால் சரியானா அனுப்புங்க; அவசரம் இல்லே."

மின்சாரம் வேண்டாத இயந்திரம் அது. இரும்புச் சட்டம், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு உருளைகள், அவற்றைச் சுற்றி அகலமான ரப்பர் பெல்ட், அதன்கீழ் வழவழப்பான பலகை, முன் உருளையின் ஓரத்தில் ஒரு கனத்த சக்கரம், இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள். காலால் பின்னுக்குத் தள்ளினால் பெல்ட் ஓடும். குப்பத்தார் அதற்கு நடை மெஷின் என்று பெயரிட்டனர்.

முதல் நாள் ஏறியவள் சிரித்துவிட்டாள். "இன்னா அண்ணா இது, எவ்ளோ நடந்தாலும் அங்கியே நிக்கிறேன்?"

"பிரகாரம் சுத்துறவளும் பொறப்பட்ட எடத்துக்குத்தானே வரணும்? நட."

காலத்தை அளக்க எங்களிடம் கடிகாரம் இல்லை, பதிகம் இருந்தது. நான் பாடுவேன், அவள் நடப்பாள். முதல் வாரம் ஒரு பாட்டு முடிவதற்குள் மூச்சு வாங்கும். "இழுத்து இழுத்துப் பாடாதே, கால் கடுக்குது. சாமிக்கு அவசரம் இல்லே, எனக்கு இருக்குது" என்பாள். ஆனியில் நான்கு பாட்டு. ஆவணியில் ஏழு. புரட்டாசி நடுவில் பதிகத்தின் பதினொரு பாட்டும் முடியும்வரை ஒரே கையால் கம்பியைப் பிடித்து நடந்தாள். மறுகையை விட்டுக் காட்டி, "பங்குனிக்குள்ள இந்தக் கையும் விட்டுடுவேன். கோயிலுக்கு நானே வந்து பூ குடுப்பேன்" என்றாள். அவள் நடக்கும் வேகத்துக்கு ஏற்ப நான் பாட்டின் நடையைக் கூட்ட வேண்டியிருந்த நாட்கள் அவை. என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்து பாடியதில்லை.

ஐப்பசி மழை வந்தது. ஆண்டுதோறும் ஏரி பெருகி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நிற்கும். வடிந்து காயும்வரை, ஏரிக்கு மேற்கே நெல் விளையும் ஊரில் உள்ள தாய்மாமன் வீட்டில் தங்குவோம். மாமன் வீட்டுக் கூரையும் ஒழுகும். அவ்வூர்க் கோயிலில் சுவாமி வாகனங்கள் வைக்கும் அறை ஒன்றுதான் நனையாத இடம். தர்மகர்த்தாவிடம் கேட்டு, மெஷினை அங்கே ஒரு மூலையில் வைத்துக்கொள்ள இசைவு பெற்றேன். ஆனால் அதை முழுதாகப் படகில் ஏற்ற இயலாது. அந்தச் சக்கரத்தின் கனம் ஒரு பக்கமாகவே சாய்க்கும். கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கரையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர். ஸ்பானர்களைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். உதவ முனைந்த என்னைப் பார்த்து, "தள்ளி நில்லு சாமி. நீ தொட்டா மந்திரம் சொல்லுவ, போல்ட்டு கேக்காது" என்றார்.

"அண்ணன் பாடினா இந்த மெஷினே ஓடுது, போல்ட்டு கேக்காதா?" என்றாள் தங்கை, முக்காலியில் அமர்ந்தபடி.

"உனுக்கு ஓடுது அக்கா. எனுக்கு மொரண்டு புடிக்குதே."

அவர் வேலை செய்த முறை இன்னும் என் கண்முன் நிற்கிறது. முதலில் பெல்ட்டையும் சட்டத்தையும் சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினார். கட்டாமல் கை வைத்தால் பெல்ட் நழுவும், உருளைக்கும் பலகைக்கும் இடையில் விரல் போய்விடும் என்றார். பிறகு சாக்கட்டியால் இடப்பக்கத்து இரும்பிலெல்லாம் ஒரு கோடும், வலப்பக்கத்தில் இரு கோடும் போட்டார். கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றும்போது என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கடைசி மரை விடும்போது கம்பி தானாகச் சாய்ந்து தலையில் விழுமாம். அதன்பின் பின் உருளையை இழுத்துப் பிடிக்கும் இரண்டு நீளமான போல்ட்டுகள். ஒன்றை முழுதும் தளர்த்திவிட்டு மற்றொன்றுக்குப் போகவில்லை. இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறித் தளர்த்தி, மொத்தம் எத்தனை சுற்று என்பதையும் பலகையில் எழுதினார். திரும்பப் பூட்டும்போது அத்தனையே முறுக்கினால் பெல்ட் கோணாமல் ஓடும். கனத்த சக்கரத்தைக் கடைசியில் இருவருமாக ஏந்தி இறக்கினோம். கழன்ற நட்டுகளையும் வாஷர்களையும் அந்தந்தப் போல்ட்டிலேயே திரும்ப மாட்டி, வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்தார்.

இறுதியாக உருளைகளின் முனைகளில், பேரிங் இருக்கும் இடத்தில், கை நிறையக் கிரீஸ் எடுத்து அப்பித் துணி சுற்றினார்.

"சாமி, இதை மட்டும் நல்லாக் கேட்டுக்க. எதை வேணா தொலை, இந்தக் கிரீஸை எடுத்துடாதே. தண்ணி படவே கூடாது. அசிங்கமா இருக்குதுன்னு தொடைக்காதே."

"இதுல இன்னா கலந்திருக்கு?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் கேக்காதே. எங்க நைனா மாட்டுக் கொழுப்புன்னுவாரு. விக்கிறவன் இன்னா சொல்றானோ, யாருக்குத் தெரியும்?"

விளையாட்டாகச் சொன்ன சொல். எனக்கோ நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நந்தியும் மயிலும் மூஞ்சூறும் நிற்கும் அறையில் அதைக் கொண்டுபோய் வைப்பதா? பகலெல்லாம் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தேன். புதிதாய் வார்த்த திருமேனியைக் கோயிலில் எழுந்தருளச் செய்யுமுன் நீரில் அமிழ்த்தி வைப்பது மரபு, ஜலாதிவாசம் என்பார்கள். எந்த மாசும் அதில் நீங்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். துணிகளை அவிழ்த்தேன். சாம்பலும் சீயக்காயும் இட்டுக் கிரீஸைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்தேன்.

தங்கை முக்காலியை விட்டு எழ முயன்றாள். "அண்ணா, தண்ணி படக்கூடாதுன்னு அவர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே."

"அது அவர் சாத்திரம். இது நம்ம சாத்திரம்."

"கால் என்னுதுண்ணா."

உருளைகளையும் போல்ட்டுச் சரத்தையும் ஒரு பழைய வலைத்துண்டில் கட்டி ஏரிக்குத் தூக்கிச் சென்றேன். நான் முற்றிலும் அறிவில்லாதவனும் அல்லன். ஏரித் தண்ணீர் கோடையில் உப்பு, மழைக்காலத்தில் தித்திப்பு என்பது எங்கள் கரையில் எவரும் அறிந்தது. குனிந்து ஒரு கை அள்ளி நாவில் வைத்துப் பார்த்தேன். ஆற்று நீர்போல் இனித்தது. இடுப்பளவு நீரில் இறங்கி, வலைக்கட்டை அடியில் இருத்தி, பதிகம் ஒன்றைப் பாடி, காலைப் பூசை முதல் உச்சிப் பூசை வரை அமிழ்த்தி வைத்தேன். வெளியே எடுத்தபோது இரும்பு பளிச்சென்று இருந்தது. வானம் மூடியிருந்ததால் வெயிலில் உலர்த்த இயலவில்லை. துடைத்துச் சந்தனப் பொட்டிட்டு, வெளுத்த வேட்டியில் இறுகச் சுற்றிப் படகில் ஏற்றினேன்.

மாமன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தோம். பூட்டித்தர அங்கே ஆள் இல்லாததால், மெஷின் வேட்டிக்கட்டோடு வாகன அறையிலேயே கிடந்தது. சேறும் சகதியுமான முற்றத்தில் அவளுக்கு நடக்க வழியில்லை. "போனதும் பிடிச்சுடலாம், பதினொரு பாட்டு நடந்த காலு" என்று அவளே எனக்குத் தேறுதல் சொன்னாள்.

பொங்கல் கழித்துக் குப்பத்துக்குத் திரும்பினோம். மெக்கானிக் வந்து வேட்டியை அவிழ்த்தார். துணி இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தபோது செங்காவியாய் உதிர்ந்தது. உருளையின் முனையைப் பிடித்துத் திருகினார், அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊற வைத்தார். சுத்தியலால் தட்டினார். ஒரு தண்டு முறிந்தே போயிற்று.

"இன்னா சாமி பண்ண?"

சொன்னேன். தித்திப்புத் தண்ணீர்தான், நாவில் வைத்துப் பார்த்தே இறக்கினேன் என்றும் சொன்னேன்.

அவர் முறிந்த தண்டைக் கீழே வைத்தார். "மேலாக்க தித்திப்பு சாமி. அப்போ கடலுக்குத் தொறக்குற முகத்துவாரத்த வெட்டிவுட்டு ஒரு வாரங்கூட ஆவலே. கடல் தண்ணி கனம். அடியில பூந்து வந்து கெடக்கும். ஏரியடியில கைவுட்டு எறா தடவுற பொம்பளைங்களைக் கேட்டிருந்தாகூட சொல்லியிருப்பாங்களே." ஸ்பானர்களைக் கோணிப்பையில் சுற்றினார். அந்த அளவு பேரிங் மெட்ராஸிலும் கிடைக்கவில்லை.

வணிகர் நலம் விசாரிக்க வந்தார். மூலையில் கிடந்த இரும்பைக் கண்டார். நான் வாயெடுக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள். "உப்புக் காத்து தின்னுடுச்சு பாய்."

"பிரிச்சவனுக்கு வேலை தெரியலே போல" என்றார் அவர், வருத்தத்தோடு, எங்களைக் குறை சொல்ல மனமில்லாமல்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவர் சொன்னது குப்பத்தில் பரவிற்று. எஞ்சின் பழுதானவர்கள் சில காலம் வேறு ஊருக்குப் படகைக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கோயிலில் முன்போலவே பாடிக்கொண்டிருந்தேன்.

மாசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து பார்த்தாள். பங்குனியில் ஒருநாள், நான் பூசையில் இருந்தபோது, தானாகவே கோயிலுக்கு வரப் புறப்பட்டு, வீட்டுக்கு இருபதடி தள்ளி விழுந்து கிடந்தாள். மீன் உலர்த்தும் பெண்கள் தூக்கி வந்தார்கள். முழங்கை சிராய்த்திருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அதன்பின், "போதும் அண்ணா" என்றாள். மருத்துவர் சொன்ன ஓராண்டும் முடிந்தது. பின்னர் வாழ்ந்த காலமெல்லாம் முக்காலியிலும் கட்டிலிலும் அமர்ந்தே பூத்தொடுத்தாள். பூக்கூடையைக் கோயிலுக்கு நான் கொண்டுபோனேன். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. கேட்பவர்க்கெல்லாம் உப்புக் காற்று என்றே சொன்னாள், நான் அருகில் இருக்கும்போதும்.

அவள் மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், மெக்கானிக்கைத் தேடிப் போனேன். எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார், தலை நரைத்திருந்தது.

"அன்னிக்கே பாய்கிட்ட உண்மைய சொல்லியிருக்கணும். உன் பேரு கெட்டுப்போக வுட்டுட்டேன்" என்றேன்.

"எனுக்கு இன்னா சாமி. நாலு பேரு பேசினாங்க, மறந்துட்டாங்க. எஞ்சின் கெட்டா எங்கிட்டதான் வரணும், வந்தாங்க. அக்காகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. கூடவே இருந்து பாத்தவளாச்சே."

"தெரியும் சாமி. நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அவள் அறிந்திருந்தாள் என்பதையே மறைப்பாகக் கொண்டு, அத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ், தப்பு என்னுடையது என்ற ஒரு சொல்லை அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். இறைவனிடம் நாள்தோறும் பிழைபொறுக்க வேண்டிப் பாடிய வாய் இது.

இதைப் படிக்கும் அன்பர் அனைவருக்கும் கால்கள் உரமாய் நிற்கட்டும். கழற்றியவை முறைமாறாமல் பூட்டிக்கொள்ளட்டும். இரும்பறிந்தவர் இரும்பைப் பற்றிச் சொல்லும்போது கேட்கும் பணிவு வாய்க்கட்டும். பிழை நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்ளும் நாவும், ஒப்புக்கொள்ளும்வரை அதைக் கேட்க வேண்டியவர்கள் உடனிருக்கும் பேறும் எம்பெருமான் அருளால் உங்களுக்குக் கிட்டட்டும்.