மானம் குறையாத மானேஜர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. நெசவாளிகளுக்கு அளந்து நூல் கொடுக்க மதுரைச் செல்லூரில் ஒரு டிப்போ திறந்தார்கள். அங்கே நான் தபால் குமாஸ்தா. வருகிற கடிதங்களைப் பிரித்து, எண் போட்டு, மானேஜர் மேசையில் வைப்பதுதான் உத்தியோகம். என் நாற்காலிக்கு நேரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே நூலை இருப்பு வைக்கும் கிட்டங்கியின் வாசல். நெசவாளிகளுக்கென்று வந்த நூல் சிப்பங்களில் பாதி, பட்டப்பகலில், வைக்கோல் போர்த்திய வண்டிகளில் ஏறிக் கொட்டாம்பட்டி ரோட்டு வழியாகக் கள்ளச் சந்தைக்குப் போவதை அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஒளித்துச் செய்யவாவது மெனக்கெட்டிருக்கலாம். மானேஜரோ வண்டிக்காரர்களுக்கு மோர் கொடுத்து வழியனுப்புவார். செல்லூர்ச் சந்துகளில் தறிகள் சும்மா கிடந்தன.

எனக்கு முன்கோபம். போதாக்குறைக்கு இங்கிலீஷில் மனு எழுதவும் வரும். "எழுதுறதுதான் எழுதுறீக, மொட்டைக் கடுதாசியாப் போட்டுருங்க. பேரு எதுக்கு?" என்றாள் என் மனைவி. மொட்டைக் கடுதாசி கோழைகள் எழுதுவது, கையெழுத்துப் போட்ட மனுவுக்குத்தான் சர்க்காரில் மரியாதை என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். பெயர், உத்தியோகம், விலாசம் எல்லாம் குண்டு குண்டாக எழுதி, மேலதிகாரியின் ஆபீசுக்கு அனுப்பிவைத்தேன்.

மரியாதை கிடைக்கத்தான் செய்தது. அந்த நாளில் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. யார்மேல் புகார் வருகிறதோ, அவருடைய விளக்கம் கேட்டு அந்த மனுவை அவருக்கே அனுப்பிவைப்பார்கள். ஒரு நாள் காலைத் தபாலைப் பிரித்தால், உள்ளே என் மனு. ஓரத்தில் சிவப்பு மையில், மானேஜர் விசாரித்து அறிக்கை தரவும் என்று எழுதியிருந்தது. நான் எழுதிய மனுவுக்கு நானே எண் போட்டு, நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். வைக்காமல் இருந்தால் கடமை தவறியதாக வேறு ஆகிவிடும்.

மானேஜர் நிதானமாகப் படித்தார். "இங்கிலீசு ரொம்ப நல்லாருக்குய்யா. கோர்ட்டுல வாசிச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

அவதூறு வழக்குப் போட்டுவிட்டார். தோற்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில்கூடக் கணக்கெழுதும் வேலை கிடைக்காது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

தல்லாகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கதை முழுவதையும் கேட்டார்.

"உள்ளதைச் சொன்னவனைக் காப்பாத்தச் சட்டம் ஏதும் இல்லையா சார்?" என்றேன்.

"இல்லாம என்ன தம்பி? நல்லெண்ணத்தோட மேலதிகாரிகிட்டப் புகார் சொன்னாக் குத்தமில்லைன்னு சட்டமே இருக்கு. ஆனா எண்ணம் நல்லதுதான்னு காட்டச் சாட்சி வேணுமே. யாரு வருவா?"

"செல்லூரே வரும் சார்."

"செல்லூரு கூண்டுல ஏறாது. ஆளைச் சொல்லுங்க."

நூல் கிடைக்காமல் வயிறு காய்ந்துகொண்டிருந்த நெசவாளிகள் பெயரை வரிசையாகச் சொன்னேன். வக்கீல் கண்ணைத் திறந்தார். "அம்புட்டுப் பேரையும் உங்க மானேஜர் அவரு சாட்சியாப் போட்டுட்டாரே!"

விசாரணையன்று அவர்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறினார்கள். மானேஜர் சொக்கத் தங்கம் என்றார் ஒரு பெரியவர். தெய்வம் என்றார் அடுத்தவர். வண்டியைப் பற்றிக் கேட்டு இவர்களை ஒரு பிடி பிடிப்பார் என்று வக்கீலைப் பார்த்தேன். அவரோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி குழைந்தார்.

"இந்த மனுவை உமக்குப் படிச்சுக் காட்டுனாங்கள்ல? அதுக்கப்புறம் மானேஜர் மேல மதிப்புக் குறைஞ்சுச்சா?"

"ஒரு பொட்டுக்கூடக் குறையலீங்க!" என்றார், மானேஜரைத் தங்கம் என்று சொன்ன பெரியவர்.

"ஊருல வேற யாருக்காச்சும்?"

"யாருக்கும் குறையலீங்க. முன்னைக்கு இப்பக் கூடித்தான் போச்சு."

எல்லோரும் இதையே சொன்னார்கள். சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்கள். மானேஜர் பூரித்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

என் வக்கீல் எழுந்தார். மானம் போய்விட்டதென்று வழக்கு, போகவே இல்லையென்று வாதி தரப்பிலேயே சத்தியம் செய்கிறார்கள், பிறகு என் கட்சிக்காரர் செய்த குற்றம்தான் என்ன என்று கேட்டார். மாஜிஸ்திரேட்டுக்கும் சாப்பாட்டு நேரம். வழக்கைத் தள்ளினார். தீர்ப்பில் நூல் என்ற பேச்சே இல்லை. தன் மானம் குறையவில்லை என்று கோர்ட்டே எழுதிவிட்டதால், மானேஜரும் ஜெயித்த களையோடு அல்வா வாங்கி வந்தார். கோர்ட்டு வராந்தாவில் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தின்றுதொலைத்தேன்.

"இனிமே உங்களை ஒரு பய தொட முடியாது தம்பி" என்றார் வக்கீல்.

மறுநாள் டிப்போவுக்குப் போனேன். மானேஜர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கண்ணே! இம்புட்டு நேர்மையான ஆளைத் தபால் பிரிக்க விடலாமா? நேத்தே மேலதிகாரியை நேர்ல பாத்து உத்தரவு வாங்கிட்டேன். இனிமே கிட்டங்கிக்கு நீங்கதான் பொறுப்பு. நெசவாளிக்கு முழுசா நூல் குடுத்தாச்சுன்னு உங்க கையெழுத்து இருந்தாத்தான் வெளிக்கதவு திறக்கும்."

வக்கீலிடம் ஓடினேன். இப்போது பாதி நூல் வண்டியில் போனால் திருடன் நான். இதற்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். "வேலையை விட்டு எடுத்தா ஒரு நோட்டீஸ் விடலாம். பதவி உயர்வு குடுத்தா என்னத்தைச் சொல்லி விடுறது?" என்றார்.

அடுத்த சரக்கு வந்த அன்று வாசலில் வைக்கோல் வண்டியும் நின்றது. பக்கத்திலேயே நெசவாளிகள் வரிசை. முழு நூலும் கொடுத்ததாக எழுதிய சீட்டு என் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மானேஜர் கோபப்படவில்லை, வரிசையைப் பார்த்துக் கையை விரித்தார். கூண்டில் தங்கம் என்று சொன்ன பெரியவர் என்னிடம் வந்தார்.

"கேசு நடக்குதுன்னு சொல்லி, அது போட்ட அன்னைக்கிருந்து ஒரு இழை நூல் குடுக்கலீங்க. வீட்டுல அடுப்பு எரியல. இப்பப் பாதியாச்சும் வந்திருக்கு. எங்களுக்காகத்தான் எழுதுனீகன்னு தெரியும். கும்பிட்டுக் கேக்குறேன், இனிமே எங்களுக்காக எதுவும் செய்யாதீக."

எனக்கு அழுகை வந்தது. கையெழுத்துப் போடவும் மனமில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். இன்னொரு குமாஸ்தா வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். கிட்டங்கி திறந்தது. வண்டி ஒரு பக்கம் போயிற்று. பெரியவர் தனக்குக் கிடைத்த அரைப் பங்கு நூலைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனவர், நின்று, ஒரு கையால் எனக்குக் கும்பிடு போட்டார். நான் வழி விட்டதற்காக.