இரண்டு கட்டம் காட்டிய கணினி

எங்கள் அலுவலகம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. எக்ஸ்ரே படங்களைத் தெளிவாக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரே பிராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் என்று புதுவகைக் கணினிகள் வந்த காலம். முதலாளியை நச்சரித்து அதில் ஒன்றை வாங்க வைத்தவன் நான். ஒரு பிராசஸருக்கு ஒரு கட்டம் என்று வேலையின் அளவைக் காட்டும் திரையில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

என் குழுவில் ஒரு பெண் இருந்தாள். தினமும் ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகும் நேரம், நிரந்தரம் ஆவதும் ஆகாததும் நான் எழுதும் அறிக்கையில் இருந்தது. அவளுடைய புரோகிராமை இரண்டாகப் பிரித்து ஓடவிடச் சொன்னேன். பாதி நேரத்தில் முடியும் என்று முதலாளிக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். சொன்னபடி பிரித்தாள். முன்பைவிட அதிக நேரம் பிடித்தது.

"சார், உள்ள இருக்கிறது ஒரே அடுப்புதான்," என்றாள். "ஒருத்தங்க காய் நறுக்குறப்போ இன்னொருத்தங்க அடுப்பு யூஸ் பண்ணா லாபம். நம்ம புரோகிராம்ல ரெண்டு பேருக்குமே எப்பவும் அடுப்புதான் வேணும். இடிச்சுக்கிறாங்க. ஸ்வல்ப, கொஞ்ச நேரம், அந்த ரெண்டு கட்டம் காட்டுற வசதிய ஆஃப் பண்ணிப் பாக்கலாமா சார்?"

"மெஷின் மேல பழி போடாதம்மா. புரோகிராமை ஒழுங்கா எழுது."

அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. என் சொந்த வேலைகளில் அந்தக் கணினி நிஜமாகவே வேகமாக இருந்தது. ஒரு பக்கம் ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் கணக்கை ஓட்டினால் இரண்டும் சீக்கிரம் முடியும். எனக்கு உதவியது அவளுக்கு இடைஞ்சலாக இருக்கலாம் என்று என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு பிராசஸருக்கு எழுதும் திறமை போதாது என்று அறிக்கையில் எழுதினேன். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அதே மாதம் ஆயுத பூஜை வந்தது. பெங்களூர் வழக்கப்படி எல்லாக் கணினிகளையும் அணைத்து, குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கடலைப் பொரிக்கு எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, கணினிகளை மறுபடி போடுவதற்கு நான் மட்டும் மாடியில் நின்றேன். அவள் புரோகிராமைச் சரிசெய்து காட்டுகிறேன் என்று வீம்புக்கு வாங்கிவைத்து மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருந்தேன். புதுக் கணினி உயிர்பெறும்போது, என்ன தோன்றியதோ, செட்டிங்கில் நுழைந்து அந்த வசதியை அணைத்தேன். திரையில் ஒரே கட்டம். அவள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஓடவிட்டேன்.

முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அதே நேரம்தான்.

கீழே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ச் சொல்ல இருபது படிகள்தான். சொன்னால் முதலாளியிடமும் சொல்லவேண்டும், நான் வாங்க வைத்த கணினியைப் பற்றியும் சொல்லவேண்டும். வசதியை மறுபடி போட்டுவிட்டு, நானும் இறங்கிப் பொரி தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தின்றேன்.

கடைசி நாள் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"சார், நான் எழுதினதுல என்ன தப்புன்னு கண்டுபிடிச்சீங்களா? தெரிஞ்சா அடுத்த எடத்துல அந்தத் தப்ப பண்ணமாட்டேன்."

"பாத்துக்கிட்டே இருக்கேம்மா," என்றேன்.

"பரவால்ல சார்," என்று சொல்லிவிட்டு, தப்பு தன்னுடையது என்றே நம்பிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.