வெள்ளைப் பூத்ரு

போன வாரம் மருமகள் என்னைத் துணைக்கு ஓர் அழகு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததுமே சந்தனமும் பவுடரும் கலந்த வாசனை. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் மாலை போட்ட படத்துக்குள் ஜோசபின் சிரிக்கிறாள். இது நாலாவது கடையாம். இங்கேயே மேட்டுப்பாளையத்தில் சொந்தமாகப் பவுடர் தொழிற்சாலை வேறு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த வயதிலுமா என்று கேட்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன காலத்தில் சாரம் பகுதியில் நானும் அவளும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வயதுக்காரிகள். அவள் அம்மா தெரேஸ் அத்தை கல்யாணப் பெண்களை அலங்கரிப்பவர். பவுடர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பிரெஞ்சில் 'பூத்ரு' என்றுதான் சொல்வார். அந்தப் பூத்ரு, பிரான்சில் பட்டாளத்திலிருந்த அவர் தம்பி கொண்டுவந்தது. மூடியில் ரோஜா படம் போட்ட வட்டப் பெட்டி. அதைப் பூசினால் நம் பெண்களின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அதுதான் அழகு என்று ஊரே நம்பியது.

நான் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஜோசபினோ அம்மாவோடு கல்யாணம் கல்யாணமாகப் போய்வந்தாள். போகிற இடமெல்லாம் அவளுக்கு உபசாரம். எனக்குப் பொறுக்கவில்லை.

என் அக்கா கல்யாணத்தன்று தெரேஸ் அத்தைக்குக் காய்ச்சல். ஜோசபின் தனியாக வந்தாள்; அவள் தனியாகச் செய்யும் முதல் கல்யாணம் அது. எங்கள் வீட்டில், எங்கள் சொந்தக்காரர்களே, "ஜோசபின் காப்பி குடிச்சியாம்மா?" என்று அவளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில் பூத்ரு பெட்டியை எடுத்துப்போய் என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"பெட்டியக் காணோம்டி, பாத்தியா?" என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? ஒங்க வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியோ என்னமோ."

அவள் கண் கலங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்?

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. கோலத்துக்கு வைத்திருந்த காவிக்கட்டி அவள் கண்ணில் பட்டது. அதைத் துளி இடித்து, சந்தனப் பொடியும் எங்கள் வீட்டுச் சாதாரணப் பவுடரும் சேர்த்து, மெல்லிய மல் துணியில் சலித்தாள். அக்காவின் கழுத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் ஒத்துவரும்வரை கலந்தாள். அக்கா மணையில் உட்கார்ந்தபோது அக்காவாகவே இருந்தாள். அத்தனை அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணு மொகம் பொண்ணு மொகமாவே இருக்குதே! யாரும்மா போட்டது?" என்றார். அவ்வளவுதான், பெண்கள் ஜோசபினை மொய்த்துக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில் அவள் டவுனில் அறை பிடித்து, நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டுவிட்டாள். பிறகு மகள், இப்போது பேத்தி. மூன்று தலைமுறைத் தொழிலுக்கு முதல் போட்டது என் பொறாமை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடையில் அந்தப் பேத்தி என் புறங்கையில் பவுடரைத் தொட்டு வைத்தாள். "இது எங்க ஆயா கண்டுபிடிச்சது பாட்டி. ஒரு கல்யாணத்துல யாரோ பூத்ரு பெட்டிய எடுத்துட்டாங்களாம்."

"யாருன்னு தெரியுமாமா?" கேட்டே விட்டேன்.

"ஆயாவுக்குத் தெரியும். அவ கையில ரோஜா வாசனை அடிச்சிச்சுடின்னு சிரிப்பாங்க. பேரு மட்டும் கடைசிவரைக்கும் சொல்லவேயில்ல."

மன்னிப்பதிலும் என்னை முந்திக்கொண்டாள், பாருங்கள்.

வீட்டுக்கு வந்து, டிரங்கின் அடியிலேயே கிடந்த அந்தப் பூத்ரு பெட்டியை எடுத்துத் திறந்தேன். பூத்ரு கட்டி தட்டிப்போயிருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், ரோஜா வாசனை துளியும் இல்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஜோசபினும் இல்லை. அன்றைக்கு இன்னொரு தரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.