தரம் பிரித்த கியர் பெட்டி

பிள்ளைகளே, உங்கள் அம்மா ஆணியையும் திருகாணியையும் அளவு பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பதும், அப்போதெல்லாம் நான் வாயைத் திறக்காமல் வாசலுக்குப் போய்விடுவதும் ஏன் என்று கேட்டீர்கள். அவளைக் கேட்டால் சிரிப்பாள், சொல்ல மாட்டாள். ஆகவே நான் எழுதிவைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்று இருந்தது. அதற்குக் கூரை கிடையாது. மழையில் நனைந்துகொண்டே ஓட்டுவது துரைக்குப் பெருமை. ஆனால் காருக்கு ஒரு கெட்ட குணம்: இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்றுவிடும். பதுளைக்குப் போகும் வழியில் எல்ல என்ற ஊரின் இறக்கத்தில் கியர் கழன்ற காரில் இருப்பவன் கும்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அதனால் துரை கியர் தடியை முழங்காலால் முட்டுக்கொடுத்தபடியே ஓட்டுவார். பதுளையில் போய் இறங்கும்போது நொண்டுவார்.

அப்போது நான் தேயிலை ஃபேக்டரிப் பட்டறையில் தற்காலிக ஆள். இலை உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் போடுவேன், அதை ஓட்டும் தோல் பட்டி அறுந்தால் தைப்பேன். அதற்கு முன் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். உங்கள் அம்மா அதே ஃபேக்டரியின் சல்லடைக் காம்பரா என்னும் அறையில் தேயிலை சலித்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை துரை நொண்டிக்கொண்டே பட்டறைக்குள் வந்தார்.

"ஏய், உனக்கு கியர் பெட்டி தெரியுமா?"

"தெரியுமுங்க தொரை."

நான் அதுவரை பார்த்திருந்தது அதன் மூடியை மட்டும்தான்.

"சனிக்கிழமை காலம்பற கார் ஓடணும். ஓடினா நீ நிரந்தரமா பட்டறை. ஓடாட்டி திரும்ப மலைக்குப் போ, கான் வெட்டு!"

மலையில் இருக்கும் அட்டைகள் என்னை மறந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கியர் பெட்டியைக் கழற்றினேன். பட்டறை மழையில் ஒழுகியது. சல்லடைக் காம்பராவில்தான் நல்ல நீள மேசை இருந்தது. அங்கே மூத்த வேலைக்காரி ஒருத்தி எல்லாருக்கும் அதிகாரி. எண்ணெய் பட்டால் தேத்தூள் நாறும் என்று சண்டை பிடித்து, மேசை மேல் வெள்ளைச் சாக்கை விரிக்கச் செய்த பிறகே இடம் கொடுத்தாள். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தேன். அந்த வரிசைதான் என் படிப்பு, என் புத்தகம், எல்லாம். பிறகு சாமான்களைக் கழுவ மண்ணெண்ணெய் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வரிசையைக் காணோம். சாக்கின் ஓரத்தில் நாலு அழகான குவியல்கள் இருந்தன.

"வாங்க தம்பி," என்றாள் மூத்தவள். "பெரிசு, நடு, சிறிசு, தூளு. கலந்து கெடந்தா ஃபேக்டரியப் பாக்குற டீமேக்கரு ஏசுவாரு. நாலு பேரு சேந்து ஒரு நொடியில பிரிச்சுப்புட்டோம்."

"தூளா?"

"இந்தா, குண்டும் ஊசியுமா கெடந்துச்சே, அதான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"என்னங்க, முகம் இப்படிப் போச்சு?"

"நாளைக்கு மம்பட்டியத் தேடி எடுத்து வையி. கான் வெட்டப் போறேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகமும் அப்படியே போயிற்று. மூத்தவள் மட்டும் அசையவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கணும். வாய் எதுக்கு இருக்கு?" என்றாள்.

உங்கள் அம்மாதான் சாக்கை உற்றுப் பார்த்தாள். வெள்ளைச் சாக்கில் ஒவ்வொரு சாமானும் தன் எண்ணெய்க் கறையை விட்டிருந்தது. வட்டம், பல்சக்கரம், கம்பி, எல்லாம் வரிசையாக. அவள் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கறை மேல் வைத்துக்கொண்டே போனாள். மற்றப் பெண்களும் வந்து, "அது இங்க இல்லடி, அங்க" என்று எனக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்.

கடைசியில் இரண்டு சின்ன ஸ்பிரிங் மிஞ்சின. ஒன்றை நடுக் குவியலிலிருந்தும் மற்றதைச் சிறிசுக் குவியலிலிருந்தும் எடுத்தாள்.

"ரெண்டும் ஜோடிதானே? ஏன் வேற வேற குவியல்ல போட்ட?" என்று சிடுசிடுத்தேன்.

"ஜோடி மாதிரி இருக்குங்க, ஆனா ஜோடி இல்ல. நிறுத்தி வச்சுப் பாருங்க. இது அரை நெல்லு உசரம் கொறச்சல். அமுக்கினாலும் சொணையில்லாம கெடக்கு."

நிறுத்தி வைத்துப் பார்த்தேன். கியர் விழுந்ததும் அதை நகராமல் பிடிக்க ஒரு இரும்புக் குண்டு பள்ளத்தில் போய் உட்காரும். அந்தக் குண்டை அழுத்தும் ஸ்பிரிங்தான் அது. இரண்டாம் கியர் ஏன் கழன்றது என்று அப்போதுதான் புரிந்தது. கழற்றியபோது நான் அதைக் கையில் எடுத்தும் கவனிக்கவில்லை.

தேயிலை காயவைக்கும் அடுப்பின் கதவுத் தாழ்ப்பாளில் அதே பருமனில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். அடுப்புக் கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தேன். முதல் தடவை பூட்டியபோது முன்னால் போக வேண்டிய கார் பின்னால் போய் வாளியை மிதித்தது. இரண்டாம் தடவை ஒழுங்காகப் பூட்டினேன். ஒரு வாஷர் மட்டும் மிஞ்சியது. அதற்கு எந்தக் கறையும் பொருந்தவில்லை, இன்றுவரை பொருந்தவில்லை.

சனிக்கிழமை காலை துரை பதுளைக்குப் புறப்பட்டார். மத்தியானம் திரும்பி வந்து காரிலிருந்து குதித்தார். நொண்டவில்லை!

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கையால தொட்டுப் பாத்துத்தானுங்க தொரை."

யாருடைய கை என்று துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் நிரந்தரப் பட்டறைக்காரன்.

அன்று வேலை முடிந்து எல்லாரும் லயத்து வீடுகளுக்குப் போன பிறகு சல்லடைக் காம்பராவுக்குப் போனேன். என் வேலையில் அவளுக்கு ஒரு பகல் போனதால், உங்கள் அம்மாவின் கூடையில் காம்பு பொறுக்காத தூள் பாதிக்கு மேல் கிடந்தது. கையை இரண்டு தடவை சவுக்காரம் போட்டுக் கழுவி முகர்ந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அவளுடைய இடத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை ஒவ்வொரு காம்பாகப் பொறுக்கிப் போட்டேன்.