தேவசகாயம் சாரும் ஹெலிகாப்டர் கயிறும்

தேவசகாயம் சார் இறந்துவிட்டார். இன்று காலை, பொழிச்சலூர் வீட்டில், ஹார்ட் அட்டாக். இப்போதுதான் அவர் மகன் போன் செய்தான்.

நாளை மூன்று மணிக்கு அடக்கம். பழைய ஆபீஸ் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் வாருங்கள்... பயப்படாமல் வாருங்கள்.

சாரும் நானும் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ராணுவ ஹெலிகாப்டர் சாமான்களைச் சோதித்து அனுப்பும் ஆபீஸ், அது போதும். பதினோரு வருடம் பக்கத்து சீட். தாம்பரத்தில் இருந்து ஒரே ரயில்.

வெள்ளத்தில் ஆட்களை மேலே தூக்குவார்களே, அந்தக் கம்பிக் கயிறு சாருடைய பொறுப்பு. அதற்கென்று ஒரு ஆயுள் உண்டு. முடிந்ததும் மாற்றியாக வேண்டும்.

மெஷின் சோதனை எல்லாம் முடிந்த பிறகும், ஒரு பழைய வேட்டித் துணியால் கயிற்றை நுனி வரை உருவிப் பார்ப்பார். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிவிடும். "மாட்டிச்சும்மா" என்பார். அந்தக் கயிறு அன்றோடு வெளியே.

ஒரு மழையில், கேன்டீன் டிவியில், மொட்டை மாடியில் இருந்து ஒரு அம்மாவைத் தூக்கினார்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்த அம்மா உள்ளே போய்ச் சேரும் வரை சார் டீயை வாயில் வைக்கவில்லை.

அப்புறம் புது ஹெலிகாப்டர்கள் வந்தன. ஷாமியானா, நாதஸ்வரம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்தச் செலவுக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை.

சார் பின்வரிசையில் இருந்து எழுந்து போய் ஒரு ஆபீசரிடம் கேட்டார்: "இதுக்கு ஸ்பேர் கயிறு வந்திருக்கா சார்?"

"ஹெலிகாப்டரே எஸ்டிமேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. ஸ்பேர்ஸ் அடுத்த பட்ஜெட்ல பாத்துக்கலாம்."

"அப்போ பழசுக்கு?"

"பழசுக்கு வெச்சிருந்த ஃபண்டும் இதுலதான் போச்சு. பேஜார் பண்ணாதீங்க, போய் கேசரி சாப்பிடுங்க."

அடுத்த பட்ஜெட்டிலும் வரவில்லை. கயிற்றுக்குப் பதில் ஒரு பேப்பர் வந்தது. ஆயுள் முடிந்த கயிறு இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.

சார் போடவில்லை. மூன்று முறை கூப்பிட்டுச் சொன்னார்கள். "கயிறு குடுங்க, போடறேன்" என்பார், அவ்வளவுதான். ரிட்டயர் ஆகும் வரை ரெக்கார்ட் ரூமில் உட்கார வைத்தார்கள்.

பேப்பர் என் டேபிளுக்கு வந்தது. நான் போட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போட்டேன்.

துணி மாட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் துணியே வைத்துப் பார்க்கவில்லை. மாட்டிவிடுமோ என்று பயம்.

இரண்டு வாரம் முன்னால் சார் போன் செய்தார். உடம்பைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பழைய கயிறு இன்னும் ஓடுதாம்மா?" என்றார்.

"இல்ல சார், மாத்திட்டாங்க. புதுசு வந்துடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்... அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டமாட்டார். சும்மா இருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"அப்பாடா" என்றார். "கர்த்தர் இருக்காரும்மா. இனிமே மழை வந்தா டிவி பாக்காம தூங்குவேன்."

இன்று அவர் மகன் சொன்னான்: "ரெண்டு வாரமா அப்பா நல்லா தூங்கினாரு ஆன்ட்டி. எங்களுக்கே ஆச்சரியம்."

வியாழக்கிழமையில் இருந்து கனமழை என்கிறார்கள். இங்கே பள்ளிக்கரணையில் கீழ்வீட்டுக்காரர்கள் ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். "தண்ணி வந்தா என்ன, தூக்கிட்டுப் போக ஆள் வருவாங்க" என்று அவர்கள் சின்னப் பெண் சிரிக்கிறாள்.

போய் வாருங்கள் சார்.

கயிற்றை இன்னும் மாற்றவில்லை.